பஞ்சுக்குத் தெரியும் இடமும் வலமும்

இடது காலில் வலது செருப்பும் வலது காலில் இடது செருப்புமாக, கரும்பலகைக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார் பரிபூரணம். சுத்த வாத்து நடை. முதல் வருஷ வேதியியல் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, முன்வரிசையில் ஒருவனைப் பார்த்துக் கேட்கிறார்: "ஏலே, ரெண்டும் ஒரே தோலு, ஒரே எடை, ஒரே கடை. இதைக் கண்ணாடி முன்னால வச்சா உள்ள அது தெரியுது. பொறவு எதுக்கு எனக்கு இப்படி வலிக்கு?" அவன் குனிந்து தன் காலைப் பார்க்கிறான். "காலுக்குத் தெரியும்லே. கண்ணு ஏமாந்துரும். கால் ஏமாறாது."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரிக்கு வரும் எந்த மாணவனும் இந்த நடையைப் பார்க்காமல் தப்பியதில்லை. பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தும் நானும் தப்பவில்லை. இடையில் இருப்பது பலகைத் தடுப்பு. பரிபூரணம் அக்காவுக்கோ மில் சங்கையே அடக்கிவிடும் குரல். நான் பாட்டுக்குச் செய்யுளை விளக்கிக்கொண்டிருக்கும்போது "கால் ஏமாறாது" என்று அங்கிருந்து விழும். என் மாணவர்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

வேதியியல் பேசுவதற்காக வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அக்கா எனக்குப் பஸ்ஸில் சொல்லித் தந்ததை அப்படியே சொல்கிறேன். சில பொருள்களின் மூலக்கூறுகள் செருப்பு மாதிரி, இடம் வலம் என்று ஜோடியாக இருக்கும். எடை ஒன்று, உருகும் சூடு ஒன்று, கரையும் விதம் ஒன்று. ஆய்வகத்தில் செய்தால் இரண்டும் சரிபாதியாகக் கலந்துதான் பிறக்கும். ஆனால் நம் உடம்பு கால் மாதிரி. ஒன்றை மருந்தாக ஏற்கும். அதன் ஜோடியைச் சீண்டாது, சில சமயம் அதனால் கெடுதலும் வரும். கண்ணுக்கும் தராசுக்கும் பிடிபடாத இந்த ஜோடியைப் பிரிப்பதுதான் அக்கா எடுத்துக்கொண்ட டாக்டர் பட்ட வேலை. அவர் பிரித்த பொருளின் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

அக்காவுக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், கிட்டே போனால் ஸ்பிரிட் வாசனை. சக ஆசிரியர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் 'தமிழு'. முதல்வர் அவர் வாயில் 'வரலாறு'. தினமும் இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில்தான் வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தால் உரிமையோடு எடுத்துவிடுவார். அவர் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள், அதை விரலில் திரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

மதுரையில் இருக்கும் வழிகாட்டிப் பேராசிரியர் காசிராஜன் ஆரம்பத்திலேயே எச்சரித்தார். இடத்தையும் வலத்தையும் பிரிக்கிற குழாய் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், நமக்கு அது கிடைக்கிற காரியமில்லை, வேறு தலைப்பு பாருங்கள் என்றார். அக்கா நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினார். பஞ்சின் இழைக்கே இடம் வலம் தெரியும், அதைப் பக்குவம் செய்து குழாயில் அடைத்தால் ஜோடியைப் பிரிக்கும் என்று ஜெர்மன்காரர்கள் என்றோ எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்த அன்று பஸ்ஸில் அவர் குரலுக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தார். "பஞ்சாம் தமிழு, பஞ்சு. இராஜபாளையத்துக்காரி பஞ்சுக்கு எவன்கிட்டப் போய் நிக்கணும்?"

அவருடைய பழைய மாணவர் சுப்புராஜ், இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யும் ஆலை வைத்திருக்கிறார். அங்கிருந்து வெளுத்த பஞ்சு வந்தது. அக்கா அதைப் பொடித்து, அமிலத்தில் பக்குவப்படுத்தி, கரையவிடாமல் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் நிரப்பினார். மேலே கலவையை ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். ஒரு செருப்புக் குவியலைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வலது காலால் மட்டும் துழாவுகிற மாதிரி என்றார். காலுக்குப் பொருந்துவது கொஞ்சம் தங்கும். பொருந்தாதது முந்திக்கொண்டு ஓடிவிடும். முதல் குழாயிலேயே இரண்டும் லேசாக விலகத் தொடங்கின. அக்கா ஊரெல்லாம் சொன்னார். சுப்புராஜிடம் போய், உன் பஞ்சு வெளிநாட்டுக்காரன் குழாயை ஜெயிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. அடுத்து அனுப்பிய பஞ்சில் குழாய் எதையும் பிரிக்கவில்லை. அதற்கு அடுத்ததும் அப்படியே. அமிலத்தை மாற்றினார், சூட்டைக் குறைத்தார், பொடியைச் சலித்துச் சலித்துப் பார்த்தார். கலவை மேலே போன மாதிரியே கீழே வந்தது. ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அவர் ஆராய்ச்சிப் பதிவுக் காலமும் முடிய இருந்தது. ஆடிப்பூரத் தேர் முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பேன், அன்றைக்கும் பிரியாவிட்டால் பதிவை ரத்து செய்வதைத் தவிர எனக்கு வழியில்லை என்று காசிராஜன் சொல்லிவிட்டார். இன்னொரு முறை தொடங்க அக்காவுக்கு வயதும் இடம் தராது. அந்த நாட்களில் பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்து குரல் எழவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. என் செய்யுளில் எனக்கே மனம் ஓடவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பஞ்சு தீர்ந்துபோய் அக்காவே ஆலைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். சுப்புராஜ் ஊரில் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பஞ்சில் மண் படக்கூடாதென்று அங்கே யாரும் செருப்போடு நுழைவதில்லை. பஞ்சு மலையாகக் குவிந்து கிடந்தது. அக்கா ஒரு கை அள்ளினார். அங்கே வேலை பார்க்கும் மாரியாத்தாள் பதறிப்போய்த் தடுத்தார்.

"அதை எடுக்காதிய டீச்சர். மொதலாளி ஏசுவாரு. இது ஆஸ்பத்திரிக்குப் போறது. ஒங்களுக்குத் தனியா வச்சிருக்கு."

தனி என்றால் என்ன தனி என்று அக்கா கேட்டார். மாரியாத்தாள் பெருமையோடு உள் அறையிலிருந்து ஒரு பொதியைக் கொண்டுவந்து பிரித்தார். பட்டு மாதிரி மினுமினுத்தது. முதலாளியின் மச்சான் நூல் ஆலையில் மெர்சரைஸ் செய்த நூலாம். கெட்டியான காஸ்டிக் சோடாவில் முக்கி, இழுத்துப் பிடித்து மினுக்கேற்றிய உயர்ந்த சரக்கு. அதை நறுக்கி, திரும்பவும் பஞ்சாகப் பிரித்து, டீச்சருக்கென்றே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். புண் துடைக்கிற பஞ்சைக் குருவுக்குக் கொடுப்பதா என்று சுப்புராஜுக்கு மனசு கேட்கவில்லை.

அக்கா அந்தப் பொதிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பயந்து நான் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"காஸ்டிக்ல முக்கினா இழையோட அடுக்கே மாறிரும் தமிழு. காலே வேற காலாப் போயிரும். பொறவு செருப்பு எங்க சேரும்? பாவிப்பய, பாசத்துல என்னைக் கொன்னுட்டான்."

பஞ்சு மின்னியது அவருக்குத் தெரியாமல் இல்லை. இழையைத் திரித்துத் தரம் சொல்கிற அதே கையால்தான் ஒவ்வொரு பொதியையும் வாங்கியிருக்கிறார். மின்னுகிறதே என்று மெச்சி, சுப்புராஜுக்கு ஆள்விட்டுப் பாராட்டும் சொன்னாராம். பாராட்டு வந்த உற்சாகத்தில் அந்த மகராசன் இன்னும் கொஞ்சம் மினுக்கு ஏற்றியிருக்கிறார். விருந்தாளிக்கு உயர்ந்ததைத்தான் வைக்கவேண்டும் என்கிற எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒரு டாக்டர் பட்டத்தையே விழுங்கப் பார்த்தது. அன்று திரும்பி வரும்போது அக்கா மடியில் சாதா ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. பஸ் முழுக்க அவர் குரலும் இருந்தது.

சொன்னபடி தேர் நிலைக்கு வந்த அடுத்த வாரம் காசிராஜன் வந்தார். இந்த எண்பத்தொன்பதாம் வருஷம்தான் அது. ஆலையைப் பார்த்து வந்த பழக்கத்தில், அக்கா தன் ஆய்வகத்திலும் செருப்புக்குத் தடை போட்டிருந்தார். பேராசிரியருக்கும் விலக்கு இல்லை. அவர் முகம் சுளித்தபடி ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். என்னைச் சாட்சிக்கு என்று அக்கா கூட வைத்துக்கொண்டார்.

குழாயிலிருந்து முந்தி வந்ததை ஒரு சீசாவிலும் பிந்தி வந்ததை இன்னொன்றிலும் பிடித்து வைத்திருந்தார். பார்ப்பதற்கு இரண்டும் வெறும் தண்ணீர். இருட்டறையில் மஞ்சள் விளக்குக்கு முன்னால் போலாரிமீட்டர். திரவத்தின் வழியே வரும் ஒளியை அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்று காட்டும் கருவி. பிரியாத கலவை ஒளியை எந்தப் பக்கமும் திருப்பாது. காசிராஜன் முதலில் கலவையை வைத்துப் பார்த்தார். சக்கரம் சுழியிலேயே நின்றது. பிறகு முதல் சீசா. கண்ணைக் கருவியில் பதித்தபடி சக்கரத்தைத் திருகினார். வலப்பக்கம் போய் நின்றது. இரண்டாவது சீசாவை வைத்தார். அவர் கை இடப்பக்கம் போயிற்று. போய்க்கொண்டே இருந்து, முதல் சீசா வலப்பக்கம் போன அதே அளவில் நின்றது.

அவர் சீசாக்களைத் தானே கழுவி, திரவத்தைத் தானே ஊற்றி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்துபார்த்தார்.  அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் கருவியிலிருந்து முகத்தை எடுத்தார் காசிராஜன். கண்ணைச் சுற்றி வட்டமாக அழுத்தின தடம்.

"பதிவை ரத்து பண்ண வேண்டாம். எழுத ஆரம்பிங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பஞ்சு எனக்கும் கொஞ்சம் வேணும்" என்றார்.

"எம்புட்டு வேணும்னாலும் தாரேன் சார். ஆனா ஒண்ணு, எங்க ஆளுக கைல நீங்க கேக்காதிய. மினுக்கிக் குடுத்துருவாவ."

அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்பினோம். வெளியே நல்ல மேல்காற்று, மலை தெளிந்து தெரிந்தது. அக்கா முன்னால் போனார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியில் கண்ட முதல்வரிடம் கையாட்டி, கேட்டுக்கு வெளியே கடைக்காரர் வரைக்கும் செய்தி சொல்லிக்கொண்டே போனார். பஸ் நிலையத்துக்குப் பாதி வழி போனபிறகுதான் அவர் நடை எனக்கு என்னவோ போலப் பட்டது. கீழே பார்த்தேன். வாத்து நடை. வலது செருப்பு இடது காலில் கிடந்தது.

"அக்கா, கால்" என்றேன்.

குனிந்து பார்த்தார். ஒரு கணம் நின்றார். பின்னால் வந்த காசிராஜனும் பார்த்துவிட்டார். அக்கா கொசுவத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தார், எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல. செருப்பை மாற்றாமல், அதே காலோடு, நடுத்தெருவில் தலையை நிமிர்த்தி நடந்து போனார்.