மாத்திரை போட்டியா?

அக்கா கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "மாத்திரை போட்டியா?" என்று எங்கள் வீட்டில் யாராவது கேட்டுவிடுவோம். குழம்பில் உப்பு இல்லை என்று அவள் சொன்னாலும் அதே கேள்விதான். மருத்துவர் சொல்லி அவள் மாத்திரையை நிறுத்தியே ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வாய்தான் நிற்கவில்லை.

ஆளுமைக் கோளாறு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே அவளுடைய இருபத்து மூன்றாம் வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை தெரு அவளைக் கோட்டி, பைத்தியம் என்றது. நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு. யாராவது சொல்லாமல் வெளியே போனால்கூடத் தன்னைக் கைவிட்டுவிட்டதாகத் துடிப்பாள். அறைக்குள் போய்த் தன்னையே காயப்படுத்திக்கொள்வாள். ஒருமுறை கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் மில்லிலிருந்து வந்ததும் அப்பா வீட்டு உள்தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றிப்போட்டார். அப்புறம் மூன்று வருடம், வாராவாரம் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி ஆலோசகரிடம் போய்வந்தாள். இப்போது மதுரையில் வேலை, தனி வீடு.

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அக்கா தாங்கமாட்டாள், சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தான். நாலாம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்த நேரம், யாரோ சொல்லி அவள் வந்து நின்றாள்.

"அப்பா பொழைக்கலேன்னா எப்பம்லே சொல்லிருப்ப?"

தெரு வரைக்கும் கேட்டிருக்கும் அவள் குரல். என் வாய் சும்மா இருந்ததா? "யக்கா, மாத்திரை போட்டியா?" என்றேன்.

"இது சீக்கு இல்லலே, கோவம். இருவது நிமிசம் என்னைய விடு." அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தள்ளினால் திறந்துவிடும் கதவு. அம்மா கண்ணாலேயே தள்ளச் சொன்னாள். உள்ளே சத்தமே இல்லை. தள்ளினால், அவள் இத்தனை வருடம் பட்ட பாட்டை நான் நம்பவில்லை என்றாகும். தள்ளாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? கதவில் கையை வைத்தேன், எடுத்தேன். இருபது நிமிடம் தாண்டியது. மறுபடி வைத்தேன்.

கதவு திறந்தது. கண் சிவந்து, முகம் கழுவியிருந்தாள். நேரே அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "ஒம்மேல கோவம் இன்னும் தீரல, பாத்துக்க" என்றாள்.

மதுரைக்குப் போனபின் அம்மாவிடம் தினமும் பேசினாள். என் போனை மட்டும் எடுக்கவில்லை. பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"இப்பம் தீந்துட்டுலே. அப்பா சாப்ட்டாவளா?"