ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

1. வேலைக்கு வந்த கதை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே, "அத்தே, இதெல்லாம் வேணுமா?" என்று கேட்கிறாள். வேணும், எழுது என்கிறேன். எங்கள் கிளப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகச் சொல்வது இது. அவர்களுக்கு எல்லாம் தெரியட்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. ஜெர்சி துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, ஹாஃப் டைமுக்கு எலுமிச்சை ஜூஸ் கலக்குவது என் வேலை. முதல் நாள் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்கள். அவிழ்த்ததும் வந்த வாடையில் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து தெருவுக்குப் போய்விட்டது. பிறகு எனக்கும் பழகிவிட்டது, பூனைக்கும் பழகிவிட்டது.

நம்பர் படிக்கத் தெரியாமல் எப்படி ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கிறாய் என்று கேட்பார்கள். அழுக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழங்கையில் மண் இருந்தால் கீப்பருடையது. இடுப்பில் புல் கறை இருந்தால் ஓரமாக விங்கில் ஓடுகிறவனுடையது, அவன் சறுக்கி விழாத நாள் கிடையாது. ஒன்பதாம் நம்பரை மட்டும் எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். தலை பெருத்து, வால் வளைந்து, தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். அது டேவிட்டின் ஜெர்சி. முன்பக்கம் பெரிய அழுக்கு இருக்காது. பின்பக்கம்தான் பார்க்கச் சகிக்காது. கழுத்துப் பட்டி தொங்கும், தோள் தையல் விட்டிருக்கும்.

டேவிட் தாமல்காரன். ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. பனை மரம் மாதிரி உயரம். எங்கள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வான்.

"ஏண்டா, ஹெட் அடிச்சிப் பழகறதுக்கு என் வாசப்படிதான் கெடச்சிதா?" என்பேன்.

"நிலை நல்லா ஸ்ட்ராங்கா இருக்குது ஆயா, என்ன மறிக்கற எந்த ஸ்டாப்பரும் இப்டி நிக்கமாட்டான்" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பான்.

2. சரிகைத் துண்டு

எங்கள் கிளப் செயலாளர் பலராமன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. இப்போது பட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும், கோல் போட்டவன் தோளில் சரிகைத் துண்டு ஒன்றைப் போர்த்துவார். வேறு யாருக்கும் கிடையாது.

அந்தத் துண்டெல்லாம் குமரனுக்குத்தான் போகும். குள்ளமாக இருப்பான், அணில் மாதிரி ஓடுவான். அவன் வீட்டில் துண்டு வைக்க இடமில்லாமல் டிவிக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று போர்த்தியிருந்தார்கள். டேவிட் ஆடுவதும் முன்வரிசையில்தான். ஆனால் அவன் தோளில் ஒரு துண்டுகூட விழுந்ததில்லை.

ஒரு நாள் நான் துணிக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பலராமன் வந்தார். பின்னாலேயே கோச் ரஹீம் பாயும் வந்தார்.

"ஆயா, இது யார்துமா? போன வாரமும் இதத்தான தெச்சிக்கினு இருந்தீங்கோ?"

"டேவிட்துபா."

"கோலு ஒண்ணத்தயும் காணோம். சட்ட மட்டும் வாராவாரம் கிழியுது. கிரவுண்டுல இன்னாதான் பண்றான் அவன்?"

"நல்ல புள்ளபா. வந்தா தண்ணி கேன தூக்கி உள்ள வெச்சிட்டுதான் போவான்."

"அப்ப நல்ல புள்ளைய நீங்களே வூட்ல வெச்சிக்கோங்க ஆயா. எனக்கு கோல் போடற புள்ள வேணும்."

ரஹீம் பாய் நிதானமான மனிதர். "சார், அவன் டார்கெட் மேன் சார்" என்றார். "கீப்பர் தூக்கி அடிக்கிற பந்த நெஞ்சுல வாங்கி நிக்கணும். ரெண்டு பேர முதுகுல சொமந்துக்கினே பக்கத்துல இருக்கறவனுக்கு எறக்கி உடணும். அதான் சார் அவன் வேல."

"ஃபார்வர்டுக்கு கோல் போடறது வேல இல்லியா? நல்லா இருக்குது பாய். நாளைக்கு கீப்பர் வந்து, பந்து புடிக்கறது என் வேல இல்லன்னுவான்!"

நான்கூடச் சிரித்துவிட்டேன். பேச்சில் பலராமனை யாரும் ஜெயிக்க முடியாது.

சுற்றுப் போட்டியில் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. டேவிட்டை உட்கார வைத்துவிட்டு மெட்ராஸிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவருவதாக முடிவாயிற்று. சேதி கேட்டு டேவிட் தன் ஜெர்சியைக் கொடுக்க வந்தான். அவனே துவைத்து மடித்து வைத்திருந்தான்.

"வேற யாருக்காச்சும் குடுத்துடு ஆயா. நான் இனிமே ஓவர்டைம் பாத்துக்கறேன். கால் வலியாவது மிச்சம்."

"கிரவுண்டுக்கே வரமாட்டியா?"

"வந்து? நின்னு பாக்கறதுக்கா?"

திரும்பிப் போகும்போது நிலையில் இடிக்காமல் குனிந்து போனான். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

3. மெட்ராஸ் பையன்

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். பந்தைத் தோளில் வைத்து முதுகில் உருட்டிக் காலில் பிடிப்பான். எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். நான் கூடுதலாக இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன்.

வாலாஜா டீமோடு ஆட்டம். எங்கள் கீப்பர் வழக்கம்போல் பந்தைத் தூக்கி அடித்தார். முன்னால் அதை வாங்க ஆள் இல்லை. அவர்களுடைய ஸ்டாப்பர்கள் இரண்டு பேரும் தடியர்கள், அலட்சியமாகத் தலையால் முட்டித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி தூக்கி அடித்தார். மறுபடி திரும்பி வந்தது. பிரம்மோற்சவத்தில் சாமியைத் தூக்குகிறவர்கள் தோளை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? எங்கள் டீம் அப்படித்தான் தள்ளாடிற்று. மெட்ராஸ் பையனின் காலுக்குப் பந்து வந்தால்தானே அவன் வித்தையைக் காட்டுவான்? தோற்றுப்போனோம்.

ஆட்டம் முடிந்து குமரன் என்னிடம் வந்து ஜெர்சியைக் கழற்றிப் போட்டான். கழுத்துப் பட்டி தொங்கியது, தோள் தையல் விட்டிருந்தது. எந்த ஜெர்சி இது என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். அவன் முதுகில் சிவப்புச் சிவப்பாகக் கீறல்.

"ஆயா, அந்த ரெண்டு தடியனுங்களும் ஆட்டம் பூரா என் மேலயே தொங்கிக்கினு இருந்தானுங்கோ. இத்தினி நாளா இவனுங்கல்லாம் எங்க இருந்தானுங்கோ?"

பக்கத்தில் நின்ற ரஹீம் பாய் ஜூஸைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "டேவிட் முதுகுல இருந்தாங்கடா."

பலராமன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குமரன் அவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நான் போட்ட கோலு பூரா டேவிட் அண்ணன் எறக்கி உட்டது. அவுரு ரெண்டு பேர இஸ்துக்கினு அந்தாண்ட போவாரு, இந்தாண்ட கேட்டு தொறந்துக்கும், நான் உள்ள போவேன். அவ்ளோதான்ணே நான் பண்ணது. அவுரு இல்லன்னா துண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

4. பலராமன் சொன்னது

பலராமன் குமரனின் ஜெர்சியை எடுத்துத் தையல் விட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். அழுக்கு ஜெர்சியை அவர் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. உடம்புக்கு ஏதாவதோ என்று ஜூஸை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஆயா, நான் சின்ன வயசுல எங்கப்பாவுக்கு கோர்வை போட்டுக்கினு இருந்தேன், தெரியுமில்ல?"

தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் ஒரு பக்கத்துக் கரையைத் தானே பார்த்துக்கொள்வார். மறு பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள இன்னொருவர் தறியில் கூடவே உட்கார வேண்டும். அவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும்.

"பொடவ நல்லா இருந்தா எல்லாரும் எங்கப்பாவதான் மெச்சுவாங்கோ. பக்கத்துல ஒக்காந்து இருக்கற என்ன ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கோ. எனக்கு அவ்ளோ ஆத்திரமா வரும்." கொஞ்சம் நிறுத்தினார். "அதயே நானும் அவனுக்குப் பண்ணி இருக்கறேன் பாருங்கோ."

"புரிஞ்சா சரி சார்" என்றார் ரஹீம் பாய். டம்ளரை வைத்துவிட்டுப் பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டார். நிதானமான மனிதர் என்று முன்பே சொன்னேனே.

மறுநாள் பலராமன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "ஏறுங்க ஆயா. நான் மட்டும் போய்க் கூப்ட்டா வரமாட்டான்."

ஒன்பதாம் நம்பர் ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். தாமல் ஏரிக்கரைக் காற்றில் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. பார்த்த பக்கமெல்லாம் ஏரித் தண்ணீர். இந்த வயதில் இப்படி ஒரு சவாரி என்று மனதுக்குள் குஷியாகவும் இருந்தது. போகிற காரியம் அப்படி, அதனால் முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன்.

டேவிட் வீட்டில்தான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"கோல் போடத் தெரியாதவன் வந்து இன்னா சார் பண்ணப்போறேன்?"

"கோலு போட வேணாம்பா. நீ வந்து நில்லு, அது போதும். நீ நிக்காதனாலதான் தோத்தோம்."

"இத்தினி நாளும் நின்னுக்கினுதான சார் இருந்தேன்?"

"இருந்தப்பா. எனக்குதான் பாக்கத் தெரியல."

டேவிட் என்னைப் பார்த்தான். நான் ஜெர்சியை நீட்டினேன். "கழுத்துல டபுள் தையல் போட்டிருக்கறேண்டா. இத எவன் கிழிக்கறான்னு பாத்துடலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்ன, அவன் அம்மா காபி போட உள்ளே போனார்கள்.

5. கடைசி ஆட்டம்

வந்தவாசி டீமோடு ஆடினோம். ஜெயித்தால் கோப்பை. கீப்பர் தூக்கி அடித்த பந்து டேவிட்டின் நெஞ்சில் விழுந்து, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்தது. பின்னால் ஒருவன் இடுப்பைப் பிடித்தான், இன்னொருவன் கழுத்துப் பட்டியைப் பிடித்தான். நான் எழுந்து நின்று, "டேய், என் தையல உடுடா!" என்று கத்தினேன். டேவிட் அசையவில்லை. மெதுவாகப் பந்தைப் பக்கத்தில் தட்டிவிட்டான். குமரன் கோல் போட்டான்.

இரண்டாவது பாதியில்தான் வேடிக்கை. கார்னரிலிருந்து அடித்த பந்து டேவிட்டின் தலைக்கு நேராக வந்தது. அவர்கள் கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தார். கோல் போஸ்ட் திறந்து கிடந்தது. தெருவே, "அடிடா! நீ அடிடா!" என்று அலறியது. டேவிட் பழக்க தோஷத்தில் பந்தைத் தலையால் இறக்கிக் குமரன் காலுக்கு விட்டான். குமரனே திகைத்துப்போய்த்தான் அதை உள்ளே தள்ளினான். பலராமன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது.

கோப்பை எங்களுக்கு. பலராமன் துண்டை எடுத்துக்கொண்டு குமரனைத் தாண்டிப் போனார்.

"நான் கோலு போடலியே சார்" என்றான் டேவிட்.

"தெரியும். குனி, எட்டல."

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் பிள்ளைகளே. கோல் போட்டவனைப் பார்க்க ஊரே இருக்கிறது. அவன் போவதற்கு யார் வழி விட்டது, அந்த நேரத்தில் அடியை யார் வாங்கிக்கொண்டது என்று கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். எனக்கு அது சுலபம். எல்லாம் அழுக்காக என் துவைக்கிற தொட்டிக்குத்தான் வருகிறது.

மறுநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பலராமன் கடைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஆயா, டேவிட் சட்ட இன்னா கதி?"

"டபுள் தையல் போட்டும் நிக்கலபா. கழுத்துலருந்து முதுகு வரைக்கும் நல்லா கிழிஞ்சிருக்குது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.