பந்திக்கு முன் அண்ணன் உண்ட முதல் இலை

அண்ணன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது அம்மாவும் அண்ணியும் பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். நான் இல்லை. "மெஸ் கதவைச் சாத்தாதே" என்று அவர் சொல்லியனுப்பியிருந்ததால், மதியப் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பிறந்தது வடக்குப்பட்டில். அப்பா இறந்ததும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஓட்டலில் டம்ளர் கழுவப் போனார். என்னை மட்டும் கல்லூரி வரை அனுப்பினார். கம்பெனிகள் வரத் தொடங்கியபோது ஒரகடத்தில் கூரை போட்டு மெஸ் திறந்தார். சாப்பிட வந்தவர்கள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்த கான்ட்ராக்ட் பையன்கள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். பந்திக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு, ஆக்கிய எல்லாவற்றிலும் எடுத்து ஒரு முழு இலை சாப்பிடுவார். அதன் பிறகே கதவு திறக்கும். வெளியே பையன்கள் கத்துவார்கள்: "அண்ணாச்சி, நீங்களே பூராத்தையும் முடிச்சிராதீங்க!"

ஒரு கம்பெனியின் கேன்டீனுக்கு இருநூறு சாப்பாடு அனுப்பும் கான்ட்ராக்டுக்கு நான் அலைந்து திரிந்து, ருசி பார்க்க அதிகாரி ஒருவரை மெஸ்ஸுக்கே வரவழைத்தேன். அது கிடைத்தால் கூரையை மாற்றி, கடனையும் அடைத்துவிடலாம். அன்று விடியற்காலையிலேயே சாம்பாரை வைக்கச் சொன்னேன். சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று அண்டாவை இறுக மூடி, மேலே சாக்கையும் போர்த்தினேன். கத்திரி வெயில் காலம்.

மதியம் அதிகாரி வந்து வாசலில் நின்றார். பையன்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். உள்ளே அண்ணன் முதல் கவளத்தை வாயில் வைத்தவர், அப்படியே இலையில் துப்பினார்.

"ஊசிப் போச்சுடா."

நானும் தொட்டுப் பார்த்தேன். "லேசாதாண்ணா. புளி தூக்கலா கீதுன்னு நெனைச்சுக்குவாங்க. அவரு வேற வந்து நிக்கிறாரு. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான். அதுக்குத்தான் நான் மொதல்ல துன்றேன். வா, ஒரு கை புடி."

இருவருமாக அண்டாவைப் பின்பக்கம் தூக்கிப்போய்க் கொட்டினோம். அண்ணன் கதவைத் திறந்து, அதிகாரியின் முகத்துக்கு நேராகவே சொன்னார்:

"சாம்பார் ஊசிப் போச்சு, கொட்டிட்டேன். ரசம் கீது, மோர் கீது, ஆளுக்கு ரெண்டு முட்ட போடறேன். இஷ்டம்னா வந்து குந்துங்க."

பையன்களிடையே ஒரு குரல்: "ரெண்டு முட்டையா? அப்ப நாளைக்கும் கொட்டிருங்க அண்ணாச்சி!" சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரியும் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த தூத்துக்குடிப் பையனிடம் கேட்டார்: "எதிர்ல ஃபேன் போட்டு பெரிய ஓட்டல் இருக்கே. இங்க வந்து ஏன்பா வேர்க்கறீங்க?"

"ருசிக்குன்னா அங்கன போவோம் சார். இங்க சாப்ட்டா மறுநா டூட்டிக்குப் போயிரலாம். வயித்துக்குச் சரியில்லன்னு மூணு நா படுத்தா, கான்ட்ராக்டர் வேற ஆளப் போட்ருவான்."

அதிகாரி ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கை கழுவும்போது, "இருநூறு பேருக்கு முன்னாடி ஒருநாள் சாம்பார் இல்லைன்னு எங்களால சொல்ல முடியாது தம்பி" என்றார். கான்ட்ராக்ட் வேறு ஒருவருக்குப் போனது. நான் ஒரு மாதம் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ ஒருநாள்கூட, "மூடி வைத்தது நீதானே" என்று கேட்கவில்லை.

கடைசி வருடம் இருதயம் அவரைப் படுத்தியது. படி ஏற முடியாதபோதும் மெஸ்ஸுக்கு வந்து அந்த முதல் இலையைச் சாப்பிட்டார்.

நெஞ்சு வலி வந்த அன்று, ஏறியிருந்தவர்களை வழியிலேயே இறக்கிவிட்டு அண்ணனை ஏற்றிக்கொண்டு பறந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கும், இரண்டு நாள் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்கும், வடக்குப்பட்டு உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனைத் தோள் மாற்றிச் சுமந்தவர்கள் மெஸ் பையன்கள் இருபத்தேழு பேர். அன்று ஒருவரும் ஷிப்டுக்குப் போகவில்லை. ஆளுக்கு ஒருநாள் சம்பளம் நூற்றுப் பத்து ரூபாய், லீவே போடாதவர்களுக்குத் தரும் அந்த மாத போனஸ் இருநூற்றைம்பது, இரண்டும் போயின. கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பதாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.