முனிரத்தினம் வீட்டுக்கு வாரிசு இல்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். சிவில் டிப்ளமோ படித்தவள், சுவரில் ஈரம் என்றால் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். நீங்கள் நம்பியே ஆகவேண்டும் என்று கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் முனிரத்தினம் என்று ஒரு பழைய கம்பவுண்டர் இறந்துபோனார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, உயில் இல்லை. அப்படிப்பட்ட வீடு அரசாங்கத்துக்குப் போகும், அதற்கு முன்னால் அளந்து, பூட்டி, சீல் வைக்க வேண்டும். அளக்கப் போனது நான். கூட கிராம வருவாய் அலுவலரான வி.ஆர்.ஓ. சார், தப்பட்டையோடு தலையாரி. பின்பக்க அறையில் செல்வியக்கா குடியிருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த கம்பவுண்டருக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியவள், அவரை அப்பா முறையில் நைனா என்றுதான் கூப்பிடுவாள், உறவு ஒன்றும் கிடையாது. "இந்த ரூமு உனுக்குத்தான்னு வாயால சொன்னாரு மேடம்" என்றாள். வாயால் சொன்னது செல்லாது. சீல் வைத்தால் அவளும் வெளியே போகவேண்டியதுதான்.

அறை அறையாகப் பார்த்து, ஜன்னல்களைச் சாத்தி, வாசலைப் பூட்டினோம். நல்ல மத்தியான வெயில். வழக்கப்படி தலையாரி தப்பட்டை அடித்து, இந்த வீட்டுக்கு உரிமை உள்ளவர் யாராவது உண்டா என்று தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கூவினார்.

உள்ளே ஓர் இருமல். பிறகு, "செல்வி."

எங்கள் நாலு பேருக்கும் கேட்டது. செல்வியக்கா மட்டும் பயப்படவில்லை. "தோ வந்துக்கினே கீறேன் நைனா" என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தவள், பூட்டைப் பார்த்ததும்தான் நின்றாள்.

சார் திறந்தார். ரேடியோ, போன், பரண், பக்கத்து வீட்டுச் சுவர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தேன். எதுவும் இல்லை. கட்டில் காலி.

"பதண்டி சார், போயிடலாம்" என்றார் தலையாரி.

"அவரே கூப்ட்டாரே சார், இன்னும் இன்னா சாட்சி வேணும்?" என்றாள் செல்வியக்கா.

சாருக்கு வேர்த்திருந்தது, ஆனாலும் சிரித்தார். "செத்தவரே நேர்ல வந்தாலும் சர்டிபிகேட் வேணும்மா. மேடம், யாரும் உரிமை கேக்கலன்னு எழுதுங்க."

எழுதினேன். வீட்டுக்குச் சீல் வைத்தோம். செல்வியக்கா மூட்டை கட்டிக்கொண்டு வடமாலபேட்டைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போனாள்.

போன மாதம் அவளிடமிருந்து போன். "இங்க நைனா கூப்புடறதே இல்ல மேடம். அந்த வூட்ல இன்னும் கூப்டுக்கினு கீறாரா?"

"இல்லக்கா, அங்க ஒண்ணும் கேக்கல."

அது பொய் இல்லை. கேட்பது திருப்பதியில், என் வாடகை அறையில். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல், பிறகு அவள் பெயர். இதை மட்டும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது.