அவெலினோவின் கார் தேறிய கதை

அவெலினோ டோஸ்டேயின் காரில் புகையே கிடையாது. அவருக்கு எரிச்சலே அதுதான். வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயில் விட்டுத் துடைத்தாலும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் கலிஃபோர்னியா அரசுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் காரின் மேல் சந்தேகம் வந்துவிடும். புதுக் கார் வாங்கியவனை ஏன் என்று கேட்க ஆளில்லை. பழைய கார் வைத்திருப்பவன் மட்டும் கைதி மாதிரி போய் நின்று, நான் யோக்கியன்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

துலேரியைச் சுற்றியிருக்கும் பால் பண்ணைகளில் முக்கால்வாசி அவரைப்போல அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியர்களுடையவை. அந்தப் பாலை ஆலைக்குக் கொண்டுபோகும் டேங்கர் லாரியை ஓட்டியே அவெலினோ காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனைவி ஒடீலியாவைக் காரில் வைத்துக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார். அவளும் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் கார் கொட்டகையிலேயே நின்றது. ரொட்டிக் கடை தெருமுனையில் இருக்கிறது, மாதாகோயில் அதற்கடுத்த தெருவில். இரண்டுக்கும் நடந்தே போவார்.

ஒரே மகள் லூசிண்டா ஐடஹோவில், பாய்ஸி நகரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். கூப்பிட்டால் ஒரே பாட்டுத்தான்: வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து இருங்கள். அவர் மாட்டேன் என்பார். அவள் அழுவாள், அவர் கத்துவார், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனை வைப்பார்கள். இந்த வருடம் காரின் புகைச் சோதனைக்கான தாள் வந்திருக்கிறது என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட, மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டப்பா தேறிடுச்சுன்னா நான் இந்தப் பேச்சையே இனி எடுக்கலப்பா. தேறலன்னா அதை உடைக்கக் குடுத்துட்டு நீங்க இங்க வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் யோசிக்காமல். டப்பா என்றதில் ரோஷம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் தேறியாக வேண்டும்.

சோதனைக் கூடத்தை நடத்துகிறவள் அராக்ஸி என்ற ஆர்மீனியப் பெண். ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் எண்ணெய். ஸ்டியரிங்குக்கு அடியில் கம்பியைச் செருகித் திரையைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். தோற்றுவிட்டதா என்று அவர் கேட்டார்.

"தோக்கவும் இல்ல, தேறவும் இல்ல. வாயே திறக்க மாட்டேங்குது. பேட்டரியக் கழட்டினீங்களா பெரியவரே?"

தினமும் காலையில் மாட்டி ஒருதடவை கிளப்பிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கழற்றுவதாக அவர் பெருமையோடு சொன்னார். நிற்கிற காரில் பேட்டரி செத்துப்போகும். கம்பியைக் கழற்றி வைத்தால் உயிரோடிருக்கும். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம் அது. அராக்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். இந்தக் காரின் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓடும்போது அது தன்னைத் தானே சோதித்து மனசில் வைத்துக்கொள்ளும், சோதனைக் கூடத்துக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் மறந்துபோகும் என்று விளக்கினாள். ஆக, குற்றம் புகையில் இல்லை. கார் ஓடாததுதான் குற்றம்.

சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு வரச் சொன்னாள். காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி, கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நெடுஞ்சாலையில், ராத்திரி நிறுத்திவைத்து மறுபடி. தினம் எங்கெல்லாம் போவீர்கள் என்று கேட்டாள்.

"எங்கயும் போறதில்லம்மா," என்றார் அவெலினோ.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அராக்ஸி கம்பியைச் சுருட்டி வைத்தாள். "அப்ப எங்கயாவது போங்க," என்றாள்.

போனார். 99-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் டிப்டன், பிக்ஸ்லி என்று போய், அராக்ஸி சொன்னபடி மிதியிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல் காரைத் தானாகத் தளரவிடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிட்டுத் திட்டிக்கொண்டு தாண்டிப் போவான். திரும்பும்போது பண்ணைகளின் ஊடே வருவார். மென்டோன்சாவின் பண்ணையில் வேலியோரம் ஒருவன் நின்றிருந்தான். அவெலினோ கையை உயர்த்தினார். டேங்கரில் வந்த காலத்தில் தொப்பியை எடுத்து ஆட்டியவன்தான். இப்போது பழைய காரில் எவனோ கிழவன் என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பெட்ரோலை எரித்துக்கொண்டு யாரையும் பார்க்கப் போகாமல், யாரும் வா என்று சொல்லாமல் சுற்றுவது போன்ற கொடுமை வேறில்லை. வீட்டுக்கு வந்து லிங்குவீசா தொத்திறைச்சியை வாட்டித் தின்றுவிட்டுப் படுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லூசிண்டா கூப்பிட்டபோது புதிதாக ஒரு கேள்வி கேட்டாள்: "இன்னைக்கு எங்கப்பா போனீங்க?" அவர் சொன்னார். ஹாரன் அடித்தவனைச் சொன்னார், மென்டோன்சாவின் ஆளைச் சொன்னார், கொர்க்கொரன் பக்கம் பருத்தி வெடித்திருப்பதைச் சொன்னார். எங்கள் ஊரில் இந்தச் சோதனையையே தூக்கிவிட்டார்கள், இங்கே வந்தால் இப்படி நாயாக அலைய வேண்டாம் என்று அவள் சீண்டினாள். "உங்க ஊர்ல பாலும் கிடையாது, பனிதான்," என்றார். சண்டைதான், ஆனால் அன்று யாரும் அழவில்லை. போனை வைத்தபோது காது சூடாகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் பேட்டரியைக் கழற்றிவிட்டார். கை பழக்கத்தில் ஸ்பேனரைத் தேடிப் போய் வேலையை முடித்த பிறகுதான் புத்தி வந்தது. ஓடிய ஓட்டமெல்லாம் பாழ். தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த ஞாயிறு அதைக் கேட்ட மகள் மூச்சு முட்டச் சிரித்தாள். "உங்களுக்கே இங்க வரணும்னு இருக்குப்பா, கை சொல்லிடுச்சு," என்றாள். கிடையவே கிடையாது என்று அவர் கத்தினார். வெகு நேரம் பேசினார்கள்.

மாதம் முடிவதற்கு முந்தின நாள் அராக்ஸி கம்பியைச் செருகினாள், திரையைப் பார்த்தாள், அவர் தோளில் தட்டினாள். "இனி ரெண்டு வருஷத்துக்கு உங்கள ஒருத்தனும் கேக்க முடியாது."

ஞாயிறுவரை அவருக்குப் பொறுக்கவில்லை. கூடத்து வாசலிலேயே நின்று மகளைக் கூப்பிட்டு, டப்பா தேறிவிட்டது என்றார். ஜெயித்த மிதப்பு குரலில் வழிந்தது.

"சரிப்பா," என்றாள் லூசிண்டா. "சொன்னா சொன்னதுதான். இனிமே கேக்க மாட்டேன்."

ஞாயிறு வந்தது. அவளும் கூப்பிட்டாள். சாப்பிட்டாரா என்று கேட்டாள், பிள்ளைகள் நன்றாக இருப்பதாகச் சொன்னாள், அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம். காரைப் பற்றி விசாரித்தாள். ஓடுகிறது என்றார். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருடமும் மகளோடு பேசியதெல்லாம் அந்த ஒரு சண்டையைத்தான் என்பது அவெலினோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு தடவை அவள் வாங்கப்பா என்றால் போதும். மாட்டேன் என்றுதான் சொல்வார், அது வேறு விஷயம். ஆனால் கேட்க வேண்டும்.

"வேற என்னப்பா?" என்றாள்.

"நீதான் சொல்லணும்," என்றார் அவர், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு.

லூசிண்டா அவர் பெற்ற பெண். சொன்ன சொல்லை மாற்றாதவள். அவள் கேட்கவில்லை.