நஸ்லின் பாஸும் புகை ஏறிய டிஸ்க்கும்

நஸ்லின் வளையல் இரண்டையும் கழற்றி இழுப்பறைக்குள் போடுகிறாள். மின்விசிறியை நிறுத்துகிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவுக்கு அடியில் ஈரத்துணியைத் திணிக்கிறாள். அப்புறம் திரும்பி, பெஞ்சில் இருக்கிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.

"பவுடர் பூசினவங்க வெளிய. வெத்தில போட்டவங்களும் வெளிய."

என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு வருகிறேன் என்றேன்.

"துப்பினாலும் தூள் வாய்லதான் ஈக்கி அம்மா. ஒரு இருமல் வந்திச்சிண்டா ஒரு படம் முழுசாப் போயிடும்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் போனேன். கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தேன், அதை அவளால் தடுக்க முடியவில்லை.

கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை, அதற்கு மேல் மாடியில் நஸ்லினின் கடை. உடைந்த கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் கடை என்று நினைத்துத்தான் ஆட்கள் படி ஏறுவார்கள். அவள் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க் என்ற இரும்புப் பெட்டி விழுந்தோ, எரிந்தோ, நனைந்தோ போனால், அதில் இருந்த படத்தையும் காகிதத்தையும் மீட்டுக் கொடுப்பாள். அது ஒன்றுதான் அவள் தொழில். பெட்டிக்குள் கண்ணாடி போல் மின்னும் தட்டுகள் இருக்கின்றன. அந்தத் தட்டின் மேல் படாமல், மயிரிழை உயரத்தில் பறந்தபடி ஒரு சின்னத் தலை எல்லாவற்றையும் படிக்கிறதாம். பட்டுவிட்டால் கீறல்தான். எனக்கு அது உடனே புரிந்தது. முப்பத்தைந்து வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவள் நான். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். உள்மரத்தில் பட்டால் அந்த இடம் கெட்டது கெட்டதுதான்.

நஸ்லினுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று நான் கேட்டேன். "நீங்க ஏன் செஞ்சீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். கொழும்பில் ஒரு கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே தேநீர் ஊற்றவும் பில் எழுதவும்தான் விட்டார்கள். குப்பைக்குப் போகும் டிஸ்க்குகளைப் பையில் கொண்டுபோய் அறையில் வைத்துத் திறந்து திறந்து பழகினாளாம். அறுபதைக் கெடுத்த பிறகுதான் ஒன்று பிழைத்தது. கெட்ட தட்டுகளில் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறாள். அதில் முகம் பார்த்துத்தான் தலைத்துணிக்கு ஊசி குத்துவாள்.

படி ஏறி வருகிற ஆம்பிளைகள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த மேஸ்திரி. "பாஸ் இல்லியா?"

"நான்தான் பாஸ்."

"இல்ல மிஸ், வேல செய்ற பாஸ்..."

"அந்த பாஸும் நான்தான். சாமானக் குடுக்கிறதா, கொண்டுபோறதா?"

எங்கள் கதைக்கு வருகிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் செத்தவர்களை மேல்மலையில் புதைப்போம். போன பெருமழையில் மலை சரிந்தது. குழிமேடு, நட்ட கல், சிலுவை, சூலம் எல்லாவற்றையும் மண் மூடிவிட்டது. மூன்று மாதம் கழித்து அந்த மலையை ஹோட்டல் கட்டக் குத்தகைக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தோட்டத்து ஆபீஸில் கேட்டோம். அங்கே எந்தக் காலத்திலும் புதைகாடு இருந்ததில்லை, பதிவேட்டிலும் இல்லை என்றார்கள். பிரதேச செயலகத்துக்கு எழுதிப் போட்டோம். விசாரணைக்குத் தேதி வைத்து, அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள்.

அத்தாட்சி இருந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கும் வீடியோ எடுப்பார்கள். டுபாயிலும் கட்டாரிலும் இருக்கிற பிள்ளை வந்து சேர முடியாதே, அதற்காக. ஸ்டூடியோ வைத்திருக்கும் யோகராஜ் பதினோரு வருஷமாக எடுத்ததெல்லாம் ஒரே டிஸ்க்கில் இருந்தது. நாற்பத்து மூன்று சாவு. ஆனால் அதே மழையில் ஆற்றுத் தண்ணீர் அவன் ஸ்டூடியோவுக்குள்ளும் இடுப்பளவு வந்திருந்தது.

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு நஸ்லினிடம் போனேன். அவள் டிஸ்க்கை வாங்கி, திருப்பி, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"தண்ணியில விழுந்ததுண்டு சொன்னீங்க. இதுல எந்தா இந்தப் புகை வாசம்?"

யோகராஜ் தலையைச் சொறிந்தான். "காயணும்னுதாங்க மிஸ்... ரப்பர் ஷீட்டு காயப்போடுற புகை ரூம்ல தொங்கவிட்டேன். நாலு நாளு."

"ஷீட்டோட ஷீட்டா?"

"ஷீட்டு நல்லா காயுதுங்களே."

நஸ்லின் சிரிக்கவில்லை. "ஈரத்தோட ஒரு பையில கட்டிக் கொண்டுவந்தீந்தா சேறு எளகி ஈக்கும், கழுவியிருப்பன். நீங்க சேத்தச் சுட்டு, அதுக்கு மேல தாரும் பூசி வெச்சீக்கீங்க."

"அப்ப இது ஏலாதுங்களா?" என்றான் யோகராஜ்.

"ஏலாது எண்டு நான்தான் சொல்லணும். நான் இன்னும் சொல்லல."

அன்றைக்குத்தான் என்னை வெளியே அனுப்பினது. காற்றை வடிகட்டி ஊதும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு மூடியைத் திறந்தாள். தட்டின் ஓரமெல்லாம் பழுப்பு நிறம். ஒரு நாள் முழுக்கத் தட்டுகளைத் துடைத்தாள். படிக்கும் தலை வளைந்துபோயிருந்தது. அதே மாடல், அதே மாதம் செய்த இன்னொரு டிஸ்க் இருந்தால்தான் அதன் தலையைக் கழற்றி இதில் மாட்ட முடியுமாம். தேடித் தேடி, ரம்புக்கனையில் ஒரு புத்தகக்கடையின் பழைய கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தாள். பஸ்ஸில் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மாட்டின பிறகு ஓடவிட்டாள். ஒரே ஒரு தடவைதான் ஓடும், அதற்குள் வேறொன்றில் பிரதி எடுத்துவிட வேண்டும் என்றாள். இரவும் பகலுமாய் ஆறு நாள் ஓடியது. யாராவது படியில் தடதடவென்று ஏறினால், "மெதுவா!" என்று கத்துவாள்.

நாலாம் நாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஏறி வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன், வெற்றிலை இல்லாமல். அவர் என்னைப் பார்த்தும் பார்க்காதவராய், அவளிடம் சிங்களத்தில் தணிந்த குரலில் பேசினார். நஸ்லின் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். ஆனால் அவருக்குத் தமிழில்தான் பதில் சொன்னாள், படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"வெளங்குது. இந்த டிஸ்க் செத்துப்போச்சு, ஒண்டும் எடுக்க ஏலாது எண்டு நான் ஒரு கடிதம் தரணும். அதுக்குப் பொறகு உங்கட ஆபீஸ் வேலையெல்லாம் எனக்குத்தான். அப்படித்தானே?"

கிளாக்கர் முகம் சிவந்தது. "மிஸ், மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாத்தான் பேசுற. இந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

"உங்கட ஆபீஸ் டிஸ்க் ஒடஞ்சாக் கொண்டுவாங்க" என்றாள். "தொறப்பன். அதுல எந்தா ஈக்கிண்டும் பார்ப்பன்."

அவர் இறங்கிப்போன சத்தம் அடங்கும் வரை அசையாமல் நின்றாள். அப்புறம் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

வேலை முடிந்தால் வந்ததைச் சொல்லமாட்டாள், வராததைத்தான் முதலில் சொல்வாள், அதுவும் எழுந்து நின்றுகொண்டு. அது அவள் வழக்கம். எனக்கு எழுத்துத் தெரியாததால் காகிதத்தைக் கையில் தராமல் வாசித்தாள். நாற்பத்து மூன்றில் முப்பத்தேழு வந்துவிட்டது. ஆறு வரவில்லை. ஆறு பேரையும் வாசித்தாள். அஞ்சாவது பேர் கன்னையா, என் வீட்டுக்காரர்.

"கீறல் அந்த எடத்துல அம்மா. மூணு தரம் போய்ப் பார்த்த. ஏலாது." தன் வேலையைப் பற்றி அந்தச் சொல்லை அவள் தானாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"அவரு அங்கதான் கெடக்கிறாருன்னு சொல்ல முப்பத்தேழு பேரு இருக்காங்களே தாயி" என்றேன். "அவங்கள எடுத்துக்கிட்டு வா."

வந்தாள். விசாரணை அறையில் தோட்டத்து மேனேஜரான எங்கள் துரையும் கிளாக்கரும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அதிகாரி நடுவில். தான் இந்தத் தோட்டத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது, அந்த மலையில் ஒரு குழியையும் கண்ணால் பார்த்ததில்லை என்றார் துரை. நீ எங்கே படித்தாய் என்று அதிகாரி நஸ்லினைக் கேட்டார். "ஒடஞ்ச டிஸ்க்ல சேர்" என்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போடச் சொன்னார்.

அவள் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து ஓடவிட்டாள். முதலில் கோடு கோடாக நடுங்கியது. பிறகு தப்புமேளச் சத்தம் வந்தது. மேல்மலைதான். பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் பெயின்ட்டில் தோட்டத்தின் பெயரும் நம்பரும். துரை பங்களாவில் சமையல் செய்த இராமசாமியைக் குழிக்குள் இறக்குகிறார்கள். கூட்டம் விலகுகிறது. கறுப்புக் குடையை மடக்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, இதே துரை முன்னால் வருகிறார். குனிந்து மண்ணை அள்ளுகிறார். மூன்று பிடி போடுகிறார்.

துரை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து அடுத்த சாவு தொடங்கியது.

"போதும் சேர், மத்ததும் இதே மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே கிளாக்கர் எழுந்து, நிறுத்துவதற்குக் கையை நீட்டினார். நஸ்லின் அவரை முந்திக்கொண்டு மவுஸை எடுத்தாள். வயரைப் பிடுங்கி, அதைச் சுற்றிச் சுற்றி, தன் கைப்பைக்குள் போட்டு, ஸிப்பை இழுத்து மூடினாள். திரையைத் துரையின் பக்கமாய்த் திருப்பி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.