பியர்ப் போத்தலில் என் தகப்பன்

ரயில் பாதைக்குக் கீழே போகும் வழியைக் கடந்து பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மார்ச் மாதக் கடைசி. பனி உருகிக் கறுத்துச் சேறாகிச் சப்பாத்துக்குள் ஊறியது. இரண்டு வருடம் வேலை செய்த இடம் பின்னால் நான்கு தெரு தள்ளி இருந்தது. ஏப்ரனை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். வழியில் டெப்பனேர் என்கிற மூலைக்கடை ஒன்றின் வாசலில் ஓர் இளைஞன் அப்போதுதான் வாங்கிய பியர்ப் போத்தலைக் கண்ணுக்கு அருகில் பிடித்து லேபலை வாசித்துக்கொண்டு நின்றான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தவற்றில் இதுவும் ஒன்று. இங்குள்ளவர்கள் குடிப்பதற்கு முன் வாசிக்கிறார்கள். எந்தப் பண்ணையின் பார்லி, யார் காய்ச்சியது, அவருடைய பாட்டன் யார் என்றெல்லாம் போத்தலில் எழுதியிருக்கும். ஊரில் கள்ளுக் குடிக்க வருகிறவர்கள் இறக்கியவனின் பெயரைக் கேட்பதில்லை. இறக்குகிற எல்லாருக்கும் சேர்த்து அவர்களிடம் ஒரே பெயர் இருந்தது, சாதிப் பெயர். அந்த இளைஞன் வைத்திருந்தது எங்கள் ஆலையின் போத்தலா என்று பார்க்க ஒரு கணம் நின்றேன். பிறகு பார்க்காமலே நடந்தேன்.

எங்கள் ஆலை மிகச் சிறியது. முன்பு மெத்தை தைத்த கட்டடத்தில் நான்கு நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. முன்னால் மேசைகள் போட்டுக் குடிக்கிற இடம், பின்னால் தொட்டிகள். அங்கே எல்லோரும் சம்பளம் எடுப்பார்கள், சம்பளத்துக்கு மேல் மிஞ்சுகிற இலாபம் முழுவதையும் தானமாகக் கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை செய்கிற எல்லோரும் ஒரு மேசையில் இருந்து, இந்த முறை யாருக்கு என்று முடிவெடுப்பார்கள். வீடற்றவர்களின் விடுதி, அடிபட்ட பெண்கள் தங்கும் வீடு, பிள்ளைகளின் வைத்தியசாலை என்று போகும். முதலில் எனக்கு இதில் ஏதோ ஏமாற்று இருக்கும் என்றுதான் பட்டது. பாங்கொக்கில் எட்டு மாதம், மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், ஜெர்மனியில் நான்கு வருடம் கோப்பை கழுவி வந்தவன் நான். கிடைத்ததைக் கொடுத்துவிடுகிற முதலாளியைக் கண்டதில்லை. அந்த நான்கு நண்பர்களில் ஒருவரான லூக்குக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே அளவில் உடைந்திருந்ததால் நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

சுனாமி வந்த குளிர்காலத்தில், மேசையில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் நாட்டுக் கடற்கரைக்குக் கொடுப்போமா என்று லூக் கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் அபிப்பிராயத்தை ஒரு மேசை காத்திருந்து கேட்டது அதுவே முதல் தடவை. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டாம், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ் ஆட்களின் சபை ஒன்று இருக்கிறது, அவர்களுக்குக் கொடுத்தால் அங்குள்ள குருமார் மூலம் நேராகப் போய்ச் சேரும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

அதற்கென்று தனியாக ஒரு பியர் காய்ச்சினார்கள். போத்தலில் என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது, உன் நாட்டில் என்ன குடிப்பார்கள் என்று லூக் கேட்டார். கள் என்றேன். அது எப்படி வருகிறது என்று கேட்டார். பனையில் ஏறி, பாளையைச் சீவி, மண்முட்டி கட்டி இறக்குவது என்றேன். உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றார். தொட்டி கழுவிக்கொண்டிருந்த நான் நிமிராமல், என் தகப்பன் அதைத்தான் செய்தவர் என்றேன். ஊரை விட்ட பிறகு நான் ஒருவரிடமும் சொல்லாத வசனம் அது. லூக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அப்போ உன் அப்பாவும் பிராஸர்தான். எங்களைப்போல," என்றார். பிராஸர் என்றால் பியர் காய்ச்சுகிறவன். "ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

அதை எந்த மொழியில் விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. லூக்கின் தாத்தா காட்டில் மரம் வெட்டிய கூலி. அவருடைய படத்தைத்தான் ஆலையின் முதல் போத்தலில் போட்டிருந்தார்கள். ஐயா, அப்படித்தான் நாங்கள் தகப்பனைக் கூப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பார். மரத்தோடு உரசி உரசி நெஞ்சு காய்த்திருக்கும், அதைச் சட்டையால் கழுத்துவரை மூடுவார். பிறகு கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். அங்கே இரு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. முன்னுக்கு வா என்றும் சொன்னதில்லை. நான் மொஸ்கோவில் ஓர் அறையில் பதினொரு பேரோடு கிடந்தபோது அவர் மன்னாரில், இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில், காய்ச்சலில் இறந்தார். செய்தி எனக்கு ஆறு வாரம் கழித்து வந்தது.

படம் வரைய ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் முதலில் தென்னையை வரைந்தாள். நான் பேனையை வாங்கிப் பனையோலையை விசிறிபோலக் கீறிக் காட்டினேன். காலில் போடுகிற தளநாரையும் இடுப்பில் தொங்குகிற கத்திக்கூட்டையும் சொல்லிக் கொடுத்தேன். கீழே பிரெஞ்சில் எழுதினார்கள்: 'எங்களோடு வேலை செய்யும் தேவாவின் தந்தை இலங்கையில் தினமும் பனை ஏறியவர். இந்தப் பியர் அவருக்கு மரியாதை.' முதல் போத்தலைத் தந்தபோது இரண்டு கையாலும் வாங்கினேன். பெருமையா பயமா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. பிரெஞ்சை எங்கள் ஆட்கள் வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். படத்தை வாசிக்க மொழி தேவையில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை.

என் தங்கை ஜெசிந்தா அப்போது என்னோடு ஒரே வீட்டில் இருந்தாள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிற வேலை. முப்பத்தொரு வயது. நான்கு சம்பந்தம் வந்து, நான்கும் "விசாரிச்சுச் சொல்லுறம்" என்ற சொல்லோடு நின்றுபோனது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை என்று கேட்டு வருகிற கேள்விக்கு நாங்கள் மன்னார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். ஐந்தாவதாக வந்தவர் மரியதாஸ் அண்ணையின் மகன் அன்ரன். மரியதாஸ் அண்ணை கோயில் சபையில் பெரிய ஆள். வீடு புரோசார்ட்டில், பலசரக்குக் கடை பார்க் எக்ஸ்டென்ஷனில். வைகாசியில் கலியாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

காசோலை கொடுக்கிற சனிக்கிழமை சபையிலிருந்து ஆறேழு பேர் ஆலைக்கு வந்தார்கள். மரியதாஸ் அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"பியர்க் காசு கோயிலுக்கோ?" என்று ஒருவர் சிரித்தார்.

"ஆண்டவரே தண்ணியை வைன் ஆக்கினவர். நீ பேசாமல் வா," என்றார் மற்றவர்.

உள்ளே வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சுவரில், ஆள் உயரத்துக்கு, லேபல் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது, என்னைச் சந்தோசப்படுத்த லூக் செய்த ஏற்பாடு. பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. லூக் என் தோளில் கை போட்டு, "இவருடைய அப்பா," என்று சுவரைக் காட்டினார். ஒருவர் தொண்டையைச் செருமினார். காசோலையை வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், கேக் சாப்பிட்டார்கள். மரியதாஸ் அண்ணை என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்களுக்கு இது புதுசில்லை. முதல் கிழமையே ஊருக்குப் போன் அடிச்சு விசாரிச்சிட்டன்."

"தெரிஞ்சுகொண்டோ பொம்பிளை கேட்டனியள்?"

"ஓம். பொடியனுக்குப் பிடிச்சிருக்கு. உம்மடை தங்கச்சி நல்ல பிள்ளை. நான் பழைய ஆக்கள் மாதிரி இல்லை. ஆனா இதென்ன, கடையளிலை விக்கிற போத்திலிலை போட்டு வைச்சிருக்கிறீர். நாளைக்குக் கலியாண வீட்டிலை ஒருத்தன் இதைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சா நான் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"என்ன செய்யச் சொல்லுறியள், அண்ணை?"

"வெள்ளைக்காரன் விளங்காமல் எழுதிப்போட்டான் எண்டு சொல்லும். தகப்பன் வாத்தியார் எண்டு சொல்லும். இந்தப் போத்திலும் இனி வெளியிலை போகக்கூடாது. அவ்வளவுதான். எல்லாரும் நம்புவினம். நம்பாதவையும் நம்பின மாதிரி இருப்பினம்."

"யோசியும். எனக்கு அந்தப் பிள்ளையிலை ஒரு குறையுமில்லை," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் அப்படி நினைக்க வேண்டாம். தனக்கு முன்னால் வந்த நாலு பேரைவிட அவர் தூரம் வந்தவர். இன்னும் ஓர் அடி வைக்க அவரால் முடியவில்லை.

வீட்டில் ஜெசிந்தாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்ரன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசினாள்.

"நான் உன்னைக் கேக்கமாட்டன், அண்ணை."

"கேட்டால் என்ன?"

"கேட்டால் நீ செய்வாய். பேந்து காலம் முழுக்க எனக்காகச் செய்தனான் எண்டு இருப்பாய்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "மற்ற நாலு பேரும் விசாரிச்சுப்போட்டுப் போனவை. இவை விசாரிச்சுப்போட்டும் வந்தவை. அதைத்தான் நான் பாக்கிறன்."

"ஐயா?"

"ஐயாவுக்கு இனி வெக்கமுமில்லை, நோவுமில்லை. எனக்கு இருக்கு."

மறுநாள் பூசை முடிந்து, மண்டபத்தில் கோப்பி குடிக்கிற இடத்தில், அவங்கள் பிழையாய் விளங்கிப்போட்டாங்கள், எங்கடை ஐயா வாத்தியார் என்று சொன்னேன். "அதுதானே பாத்தன்," என்றார் ஒருவர். "வெள்ளையனுக்குப் பனை எது, பனைக்குச் சொந்தக்காரன் ஆர் எண்டு என்ன தெரியும்?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரை நிமிட வேலை.

லூக்கிடம் சொல்வது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை, தொட்டிகளுக்கு நடுவில், அந்தக் கதை உண்மையில்லை, என் தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர் என்று சொன்னேன். என் ஆங்கிலம்தான் பிழை என்று நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு ஒரு போத்தலை எடுத்து லேபலில் விரலை வைத்தார்.

"அப்போ இந்த மனிதர் யார்?"

"ஊரில் யாரோ ஒருவர்."

"நல்ல மனிதரா?"

பிரெஞ்சு வகுப்பில் எனக்கு முதலில் பாடமான வசனம் வாயில் வந்தது. "ஜ ந சே பா," என்றேன். தெரியாது.

அவர் கோபப்படவில்லை. பொய்யைச் சொல்லித் தானத்துக்கு விற்க முடியாது, வாங்குகிறவன் நம்பி வாங்குகிறான் என்று மட்டும் சொன்னார். கடைகளுக்குப் போனதில் மிஞ்சியதைத் திருப்பி எடுத்தார்கள். சுவரில் இருந்த படத்தைக் கழற்றிச் சுருட்டினார்கள். மூன்று நாள், போத்தல்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து லேபலைச் சுரண்டினோம். என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் போய் நின்றேன். முதலில் ஓலை கழன்று வரும், பிறகு மரம். ஆள் நடுவில் இருந்ததால் பசை அங்கேதான் கடினமாக ஒட்டியிருந்தது, நகத்தால் எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீரின் மேல் ஐயா துண்டு துண்டாக மிதந்தார். வடிகட்டித் துணியில் அள்ளிக் கொட்டினேன்.

நான்காம் நாள் அடுத்த தானத்துக்கான மேசை கூடியது. நானும் போய் இருந்தேன். யாரும் என்னை விலக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவராக அபிப்பிராயம் கேட்டு வந்த லூக், என் இடம் வந்தபோது ஒரு கணம் தயங்கி அடுத்தவரிடம் போனார். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

வேலையை விட்டது மரியதாஸ் அண்ணைக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று மாலையே தொலைபேசி எடுத்தார். "சும்மா இராதையும். கடைக்கு வாரும். இனி நாங்கள் ஒரு வீடுதானே," என்றார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவருடைய கடைக்கு முன்னால் வான் வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கோயிலில் கண்ட முகமாக ஓர் அம்மா, உள்ளே முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, மூட்டையோடு வந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் காசு வாங்கும் இடத்திலிருந்து மரியதாஸ் அண்ணை பதில் சொன்னார். "எங்கடை மருமோளின்ரை தமையன். தகப்பன் வாத்தியாராய் இருந்தவர்."

"முகத்தைப் பாத்தாலே தெரியுது, படிச்ச குடும்பம் எண்டு," என்றார் அந்த அம்மா. "எந்தப் பள்ளிக்கூடம்?"

மரியதாஸ் அண்ணை என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அதன் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்கை என்ரை தம்பியும் படிச்சவன். அப்ப உங்கடை ஐயா அவனுக்குப் படிப்பிச்சிருப்பார்."

"படிப்பிச்சிருப்பார்," என்றேன்.

அவர் எனக்கு வழிவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றார். நான் கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு, முதுகில் மார்ச் மாதக் குளிரும் முகத்தில் மிளகாய்த்தூள் வாசமுமாக, அடுத்த மூட்டைக்குப் போனேன்.